கொலைகாரனை ஊகித்த பக்கம்

டிசம்பர் பிறந்துவிட்டால் பாளையங்கோட்டை மறப்பகத்தில் உட்கார இடம் கிடைக்காது. விடுமுறைக்குப் புதிய நாவல் தேடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். பிடித்த பழைய நாவலை மறந்துவிட்டு முதலிலிருந்து படிப்பதே வழக்கமாகிவிட்டது. மறப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு நாவலின் பெயரைச் சொன்னால் போதும். பெயரைக் கேட்டதும் மூளையில் எந்த முடிச்சுகள் அசைகின்றனவோ, அவற்றை மட்டும் அது தேடி அவிழ்த்துவிடும். இருபது நிமிட வேலை. கதை போய்விடும், கொலைகாரன் போய்விடுவான். அந்த நாவலைப் பற்றிப் பேசியதும் எழுதியதும் கேட்டதும்கூடச் சேர்ந்து போய்விடும்.

எதைப் படித்தோம் என்பதே மறந்துபோகும் என்பதால் அந்தந்த ஆண்டு படித்தவற்றைக் குறித்துவைக்க எல்லோரும் ஆண்டேடு வைத்திருந்தார்கள். பலர் அதை வலையிலும் வெளியிட்டார்கள். அவற்றில் பேர்போனது அருமைநாயகத்தின் ஆண்டேடு. அருமைநாயகம் ஓய்வுபெற்ற நில அளவையர், தனியாக வசிப்பவர். மாயக்கதைகளும் துப்பறியும் கதைகளும் மட்டுமே படிப்பார். நாற்பதாயிரம் பேர் அவர் பட்டியலைப் பார்த்துத்தான் நாவல் வாங்கினார்கள். அதில் வேறு யாரும் வைக்காத ஒரு கட்டம் இருந்தது: ‘கொலைகாரனை ஊகித்த பக்கம்’. அந்தக் கட்டத்தில் நூற்றைத் தாண்டிய எண்ணே கிடையாது.

அந்த டிசம்பரில் பழைய ஏடுகளைப் புரட்டியபோது, ஏழு வருடத்துக்கு முந்தைய பதிவு ஒன்று கண்ணில் பட்டது. ‘வெண்சாம்பல் துறைமுகம், ஜெசிந்தா. கடல் பின்வாங்கிய ஒரு நகரத்தில் ஐந்து கொலைகள். கொலைகாரி மணியடிப்பவள்தான் என்பது மூன்றாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஊகித்த பக்கம்: 31. நேரத்தை வீணாக்க வேண்டாம்.’

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. முடிவை வெளியே சொல்வது ஆண்டேடு எழுதுகிறவர்களிடையே பெரும் பாவம். அதை அவரே செய்திருக்கிறார். நாவலோ துளியும் நினைவில்லை. மறப்பிக்குக் கொடுத்த நாவல்களுக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி வைப்பது அவர் பழக்கம். இதற்குப் புள்ளி இல்லை. வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நாவலை வரவழைத்தார்.

இரண்டே நாளில் படித்து முடித்தார். கொலைகாரி யார் என்று தெரிந்தே படித்தும் முப்பத்தொன்றாம் பக்கத்தில் அவருக்கு ஒரு தடயமும் கிடைக்கவில்லை. நூறாம் பக்கத்தில், ஏட்டில் தவறாக எழுதிவிட்டோமோ என்று சந்தேகம் வந்தது. முந்நூறாம் பக்கத்தில் கப்பல் வைத்தியன்தான் கொலைகாரன் என்று சத்தியம் செய்திருப்பார். கடைசி அத்தியாயத்தில் மணியடிப்பவள் கயிற்றை விட்டுக் கையை விரித்துக் காட்டியபோது அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

புத்தகத்தை மூடியதும் அவமானம் வந்தது. அன்றும் இதே மூளைதானே படித்திருக்கும்? அன்றும் தோற்றிருக்கிறார். முதல் தடவையாகத் தோற்றதைச் சொல்லப் பொறுக்காமல் பொய் எழுதியிருக்கிறார். அது போதாதென்று, வேறு யாரும் அந்த நாவலை ரசித்துவிடாதபடி முடிவையும் போட்டு உடைத்திருக்கிறார். தேடிப் பார்த்தார். நாவல் இருநூறு பிரதிகூட விற்கவில்லை. ஜெசிந்தா அதற்குப் பிறகு எதுவும் எழுதவுமில்லை.

மன்னிப்புக் கடிதம் எழுத ஒரு காலைப்பொழுது முழுவதும் ஆனது. ‘என் தோல்வியை மறைப்பதற்காக உங்கள் வெற்றியைக் கொலை செய்தேன்’ என்ற வரி அமைந்தபோது, அந்த வெட்கத்துக்கு நடுவிலும் நன்றாக வந்திருக்கிறது என்று தோன்றியது. இந்த ஆண்டேட்டில் உண்மையை வெளியிடுவதாக வாக்குக் கொடுத்துக் கடிதத்தை முடித்தார்.

ஜெசிந்தா தூத்துக்குடியில் ஓர் உப்புக் கம்பெனியில் கணக்கர். கடிதத்தை நேரில் கொடுக்க அருமைநாயகம் ஞாயிற்றுக்கிழமை போய்க் கதவைத் தட்டினார். பூசை முடிந்து வந்திருந்த ஜெசிந்தா திறந்தார். அருமைநாயகத்தைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை.

“உள்ள வாங்க சார். டீ குடிக்கீங்களா?”

“என்னை உங்களுக்குத் தெரியாது. நான்...”

“தெரியும். லெட்டர் கொண்டாந்திருப்பீங்க. குடுங்க.”

அவர் தயங்கித் தயங்கி நீட்டினார். ஜெசிந்தா அதைப் பிரிக்கவே இல்லை. பீரோவிலிருந்து மூன்று உறைகளை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார். மூன்றிலும் அவருடைய கையெழுத்து.

“இது முந்தா வருஷத்துக்கு முந்தின டிசம்பர். இது முந்தா வருஷம். இது போன வருஷம். படிச்சுப் பாருங்க.”

படித்தார். ‘என் தோல்வியை மறைப்பதற்காக உங்கள் வெற்றியைக் கொலை செய்தேன்.’ மூன்றிலும் அதே வரி. மூன்றிலும் அதே வாக்கு. தலைநிமிர முடியவில்லை.

“வாரீங்க. அழுவுதீங்க. போறீங்க. அப்புறம் அந்த வெக்கம் தாங்காம மறப்பகத்துல போயி உக்காந்திருதீங்க. வெளிய வரும்போது நாவலும் இல்ல, நானும் இல்ல, செஞ்சதும் இல்ல.”

“நீங்களும் மறந்திருக்கலாமே அம்மா?” கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வியின் கேவலம் அவருக்குப் புரிந்தது.

“அஞ்சு வருஷம் எழுதுனேன் சார். அத அவுத்துட்டா எனக்குள்ள என்ன மிஞ்சும்?” ஜெசிந்தா உறைகளை அடுக்கினார். “நான் உங்ககிட்ட மன்னிப்பு கேக்கச் சொல்லல. வருஷா வருஷம் வந்து எனக்கு ஞாபகப்படுத்தாதீங்க. ஒண்ணு, வாக்குக் குடுத்தத எழுதுங்க, இல்லன்னா வராதீங்க.”

பாளையங்கோட்டையில் பேருந்தை விட்டு இறங்கியவர், வீட்டுக்குத்தான் நடக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நடந்தார். நிமிர்ந்தபோது மறப்பகத்தின் வாசலில் நின்றார். வரவேற்பில் இருந்த பெண் புன்னகைத்தாள்.

“வாங்க சார். டிசம்பர் ஆச்சே, இன்னும் காணோமேன்னு நெனச்சேன். வெண்சாம்பல் துறைமுகம்தான?”

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆயிரம் பேர் நடுவில் வேட்டி அவிழ்ந்தவனைப் போல அவர் கூனிக் குறுகினார். உடனே வெளியே வந்து, வீடு வரை நிற்காமல் நடந்தார்.

அன்று மாலையே ஆண்டேட்டை வெளியிட்டார். பொய் சொன்னதை எழுதினார். சிவப்புப் புள்ளிகூட வைக்காமல் மூன்று முறை மறந்து தப்பித்ததை எழுதினார். ‘கொலைகாரனை ஊகித்த பக்கம்: இல்லை. கடைசி வரை ஏமாந்தேன். நான் படித்தவற்றில் இதுவே தலைசிறந்த நாவல்’ என்று முடித்தார்.

வசைக்குக் காத்திருந்தார். முதல் இரண்டு நாள் வரவும் செய்தது. ‘உங்களை நம்பி ஒரு நல்ல நாவலை இழந்தோமே’ என்று எழுதியவர்களின் கடிதங்களை ஒன்றுவிடாமல் படித்தார். ஒவ்வொன்றும் சுட்டது. ஆனால் சுடச்சுட, பல வருடமாக அடைத்திருந்த ஏதோ ஒன்று நெஞ்சில் இளகியது. மூன்றாம் நாளிலிருந்து கடிதங்கள் குறைந்தன. ஒரு வாரத்தில் நின்றேவிட்டன.

காரணம் அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. தலைசிறந்த நாவல் என்று அவர் எழுதியதும் எல்லோருக்கும் அதைப் படிக்க ஆசை வந்தது. ஆனால் கொலைகாரி யார் என்பதை ஏழு வருடத்துக்கு முன்பே அவர்தான் சொல்லியிருந்தாரே. அதை மறக்க எல்லோரும் மறப்பகத்துக்கு ஓடினார்கள். நாவலின் பெயரோடு ஒட்டியிருந்த அத்தனையும் அவிழ்ந்தது: பழைய பொய், அவருடைய ஒப்புதல், அவர்கள் எழுதிய வசை. போவதற்கு முன் ஒவ்வொருவரும் தங்கள் ஏட்டில் ஒரு வரி குறித்து வைத்தார்கள்: ‘அருமைநாயகம் சிபாரிசு. கட்டாயம் படிக்க.’ அது மட்டும் மிஞ்சியது.

பிப்ரவரியில் ஜெசிந்தா தொலைபேசியில் அழைத்தார். “மூணாவது பதிப்பு போடுதாங்க. மன்னிச்சிட்டேன்னு மட்டும் நெனச்சிராதீங்க.”

“நெனைக்க மாட்டேன் அம்மா” என்றார் அருமைநாயகம். தான் செய்ததை அறிந்தவர் இன்னும் ஒருவராவது இருக்கிறார் என்பது அவருக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

அடுத்த வாரம் புத்தகக் கடையில் ஒரு பெண் அவரை அடையாளம் கண்டு ஓடி வந்தாள். கையில் அந்த நாவல்.

“சார், நீங்க இல்லேன்னா இது என் கண்ணுலயே பட்டிருக்காது! உங்க நல்ல மனசுக்கு ரொம்ப நன்றி சார்.”

சுற்றியிருந்தவர்கள் திரும்பி மரியாதையோடு பார்த்தார்கள். அருமைநாயகத்தின் முகம் எரிந்தது.

“அப்படிச் சொல்லாதம்மா. ஏழு வருஷத்துக்கு முன்னாடி இந்த நாவலுக்கு நான் ஒரு துரோகம் செஞ்சேன். கொலைகாரி யாருன்னு...”

“ஐயோ!” அவள் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு காதையும் பொத்தினாள். “இன்னும் நாப்பது பக்கம் இருக்கு சார். தயவுசெஞ்சு சொல்லிராதீங்க!”