பொம்மை ஸ்கேன்

“அது பொம்மைம்மா. சொன்னாப் புரிஞ்சுக்கோ.”

“பொம்மையக் குடுத்தா டாக்டருக்குப் படிக்க வெக்கறாங்க?”

“ஆமா. நெசமான ஸ்கேன் மிஷினை நெனைச்ச எடத்துக்கெல்லாம் தூக்கிட்டுப் போக முடியாது, சட்டம் இருக்குது. இருக்கற ஒரு மிஷினுக்கு எத்தனை பேரு வரிசையில நிப்போம்? அதனால கை பழகறதுக்கு லேப்டாப்புல போட்டுக் குடுத்திருக்காங்க. உள்ள இருக்கறது என்னைக்கோ எடுத்து வெச்ச படம். அதுவும் ஒரு ஆம்பளையோட வயிறு.”

“ஆம்பளை வயித்துக்குள்ளயே அத்தனை தெரியுதுன்னா, பொம்பளை வயித்துக்குள்ள தெரியாமப் போயிருமா?”

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை.

“உனக்கு முடியாட்டிப் போகுது சாமி. திங்கக்கெழமை கூட்டிட்டு வரச் சொல்லி ஸ்கேன் எடுக்கற வேற ஒருத்தன் சொல்லியிருக்கறான். உங்க அண்ணிய நாங்க கூட்டிட்டுப் போயிக்கறோம். பொண்ணுன்னா அங்கயே பாத்துக்குவாங்க.”

சேலத்தில், மருத்துவக் கல்லூரி விடுதி வராண்டாவில் நின்று கைபேசியில் பேசிய பேச்சு அது. ஒரு சொல் மாறாமல் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. தக்காளி வாங்கப் போவதைச் சொல்வது போலத்தான் அம்மா அதைச் சொன்னாள். அங்கயே பாத்துக்குவாங்க.

மைதிலி அண்ணிக்கு அப்போது நான்காம் மாதம். மூத்தவள் யுவஸ்ரீக்கு ஐந்து வயது. நடுவில் ஒன்று உண்டாகி, ஐந்தாம் மாதத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து கலைந்துவிட்டது. அப்படித்தான் எனக்குச் சொன்னார்கள். நான் தேர்வில் இருந்தேன், போக முடியவில்லை. அதற்குப் பிறகு ஊருக்குப் போகும்போதெல்லாம் கவனித்திருக்கிறேன். அண்ணன் சாப்பிட உட்கார்ந்தால் அண்ணி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். எதையோ கேட்கப் போகிறாள் என்று தோன்றும். கடைசியில், “ரசம் ஊத்தட்டுங்களா?” என்பாள்.

சனிக்கிழமை பஸ் ஏறினேன். ஒரு பொய் சொல்வதற்காகவே ஊருக்குப் போனேன். பொம்மையை அண்ணி வயிற்றில் வைப்பேன், திரையில் எதையாவது காட்டுவேன், பையன் என்று சொல்லிவிடுவேன். அதன் பிறகு அம்மாவே அவளைத் தரையில் கால் படாமல் பார்த்துக்கொள்வாள். குழந்தை பிறந்த பிறகு வருவதை என் தலையில் வாங்கிக்கொள்ளலாம்.

நாமக்கல் பஸ் நிலையத்தில் நவநீதகிருஷ்ணன் அண்ணன் பைக்கோடு நின்றிருந்தான். நல்லவன் என்று ஊரே சொல்லும் என் அண்ணன். அம்மா பேச்சைத் தட்டாதவன். மோகனூர் ரோட்டில் போகும்போது முதுகுக்குப் பின்னால் இருந்து கேட்டேன்.

“உனக்கும் அதே எண்ணந்தானா?”

“அம்மா ஆசப்படுது பிரியா. ஒரு தடவை பாத்துச் சொல்லிரு. நீ சொன்னா அது கேட்டுக்கும்.”

“அண்ணி என்ன சொல்லுது?”

“அவ என்ன சொல்லப் போறா.”

எங்கள் வீடு கோழிப்பண்ணைக்கு நடுவில் இருக்கிறது. இரண்டு பக்கமும் நீள நீளமான ஷெட்டுகள். எருவின் நெடி ரோட்டிலேயே முகத்தில் அடிக்கும். ஆயிரக்கணக்கான கோழிகளின் கொக்கரிப்பு அந்த வீட்டில் எப்போதும் இருக்கும். அந்தச் சத்தத்தில்தான் நான் பிறந்தேன், படித்தேன், தூங்கினேன். அது நிற்கும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு மின்சாரம் போனது. அண்ணன் ஷெட்டுக்குத் தண்ணீர் திறந்துவிடப் போய்விட்டான். அம்மா உள்ளறை ஜன்னல்களைச் சாத்தி, திரைச்சீலையை இழுத்துவிட்டாள். நண்பகலிலும் அறை இருண்டது. வெக்கையில் சுவரே வியர்ப்பது போலிருந்தது.

அம்மா கையில் ஒரு கிண்ணம். விளக்கெண்ணெய்.

“இது எதுக்கு?”

“அங்கெல்லாம் வயித்துல என்னமோ பசை தடவித்தானே வெக்கறாங்க. அது இல்லாட்டித் தெரியாது.”

எங்கே பார்த்தாள் என்று நான் அப்போது கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

“படு மைதிலி.”

“சரிங்க அத்தை.”

அண்ணி படுத்தாள். சேலையை விலக்கியவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அம்மா எண்ணெயைத் தடவினாள். நான் லேப்டாப்பைக் கட்டிலின் ஓரத்தில் வைத்து, பையிலிருந்து, ஸ்கேன் செய்யும்போது வயிற்றில் வைக்கும் கருவியைப் போன்ற அந்தப் பொம்மைக் கட்டையை எடுத்தேன். துணி சோப்பு அளவுதான் இருக்கும், பிளாஸ்டிக். உள்ளே கைபேசியில் இருப்பது போன்ற ஒரு சிறு சில்லு. கட்டை எந்தப் பக்கம் சாய்கிறதோ அதை லேப்டாப்புக்குச் சொல்லும். லேப்டாப் அதற்கேற்ற படத்தைக் காட்டும். கட்டைக்குக் கண் கிடையாது. தலையணை மேல் வைத்தாலும், மேசை மேல் வைத்தாலும் அதே மனிதரின் கல்லீரல்தான் வரும். ஒரு வருடமாகப் பழகியதில் அந்த முகம் தெரியாத மனிதரின் வயிறு எனக்கு மனப்பாடம். தண்ணீர் கறுப்பாகத் தெரியும், எலும்பு வெள்ளை, சதை சாம்பல் நிறம்.

வைத்தேன். கல்லீரல் வந்தது.

“தெரியுதா?” அம்மா என் தோளுக்கு மேல் மூச்சுவிட்டாள்.

“இரும்மா.”

நாடகத்துக்காகக் கட்டையை மெல்லக் கீழே இறக்கினேன். சிறுநீரகம் வந்தது. அதற்கும் கீழே அவருடைய சிறுநீர்ப்பை, உள்ளங்கை அளவுக் கறுப்பு. அங்கே நிறுத்தி, ‘பையன்’ என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

கறுப்பு முடியவில்லை.

இறக்க இறக்க விரிந்துகொண்டே போனது. திரை முழுவதும் கறுப்பு. அதற்குள் ஒரு வெள்ளை வரி, கோத்த மணிகளைப் போல.

முதுகெலும்பு.

வேறு படத்தைத் திறந்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். திரையின் மேலே பார்த்தேன். அதே கோப்புப் பெயர், அதே ஆண். கருவின் படம் என்னிடம் இருந்த தொகுப்பிலேயே கிடையாது.

விலா எலும்புகள் வந்தன. கை வந்தது. கால் வந்தது. நான்கு மாதக் கரு கைக்குள் அடங்கும். இது அடங்காது. இது வயிற்றுக்குள் இருக்க முடியாத அளவு பெரியது. கால்களை மடக்கி, நம் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது.

பிறகு ஒரு கையை ஊன்றியது.

எழுந்து நின்றது. நடை பழகும் குழந்தையைப் போல ஒரு முறை ஆடியது. விழவில்லை.

கட்டையை அண்ணியின் வயிற்றிலிருந்து எடுத்துவிட்டேன். படம் போகவில்லை. கட்டையை மெத்தையில் போட்டேன். அசையாமல் கிடந்தது கட்டை. திரையில் அது தலையைத் திருப்பியது. கண் இருக்க வேண்டிய இடங்களில் இரண்டு கறுப்புக் குழிகள்.

என்னைப் பார்க்கவில்லை.

அம்மா கட்டிலின் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு நகர்ந்தாள். திரையில் இருந்த முகமும் கூடவே நகர்ந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளியே கோழிகளின் சத்தம் இல்லை. ஒன்றுகூட இல்லை.

“மூடு அதை,” அம்மா கிசுகிசுத்தாள். “மூடு சாமி.”

மூடினேன். அறை இருண்டது. விளக்கெண்ணெயின் வாடையோடு வேறொரு வாடை, பிரசவ வார்டில் மட்டுமே நான் முகர்ந்திருக்கும் வாடை, தரையிலிருந்து எழுந்தது.

பட்.

தரையில் ஈரப் பாதம் படும் சத்தம்.

பட். பட்.

தட்டுத் தடுமாறி, நின்று, மறுபடி.

அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். திரைச்சீலை ஓரத்திலிருந்து ஒரு கோடு வெளிச்சம் அவள் மேல் விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் பார்த்தேன். அவளுடைய முந்தானை இழுபட்டது. காற்றில் அல்ல. முழங்கால் உயரத்தில், ஒரு சின்னப் பிடியில் கசங்கி, கீழே இழுபட்டது. தூக்கு என்று கேட்கும் பிள்ளைகள் இழுப்பார்களே, அப்படி.

“உடு,” என்றாள் அம்மா. “உடு என்னைய. போன தடவையே உன்னைய முடிச்சாச்சே. மறுக்காவும் எதுக்கு வந்தே?”

முந்தானை விடுபடவில்லை.

“என்ன முடிச்சே?” என்றேன். “அம்மா. என்னத்தை முடிச்சே?”

பதில் கட்டிலிலிருந்து வந்தது.

“நான் வழுக்கி உழுகலை பிரியா. கூட்டிட்டுப் போயிப் பாத்தாங்க. பொண்ணுன்னு சொன்னான். அன்னைக்கே மாத்திரை குடுத்தாங்க. கலைஞ்சது இந்தக் கட்டில்லதான்.”

அந்த நிமிடத்தில் எனக்குப் பேயின் மேல் பயம் போய்விட்டது. அந்த அறையில் பயப்பட வேண்டியது எது என்று தெரிந்துவிட்டது.

“உம் பேத்திம்மா அது.”

“ஊர்ல ஆருமே செய்யாததையா செஞ்சுட்டேன்? பண்ணையப் பாக்கறதுக்கு ஒரு ஆம்பளப் புள்ள வேண்டாமா?”

“அப்பறம் என்னைய எதுக்கு உட்டு வெச்சே? படிக்க வெச்சே?”

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த நிலையிலும் அவளுக்கு அது கேட்க வேண்டிய கேள்வியாகவே தெரியவில்லை.

“உனக்கு முன்னால உங்கண்ணன் பொறந்துட்டானே,” என்றாள்.

இருபத்தொரு வருடம் நான் பாசம் என்று நினைத்திருந்தது, வரிசையில் இரண்டாவதாக வந்ததற்குக் கிடைத்த அனுமதி. எதையாவது எடுத்து உடைக்க வேண்டும் போலிருந்தது. உடைக்கும் அளவுக்குப் பெரிய பொருள் எதுவும் அந்த வீட்டில் இல்லை.

கதவு திறந்தது. வெயில் உள்ளே பாய்ந்தது. அண்ணன் வாசற்படியில் நின்றான், கையெல்லாம் ஈரம்.

“என்னம்மா பண்றீங்க உள்ள? கோழியெல்லாம் அப்பிடியே நிக்குது. ஒண்ணு தீவனம் கொத்தலை, ஒண்ணு அசையலை. எல்லாம் இந்தப் பக்கமே பாத்துக்கிட்டு...”

அவன் பேச்சு நின்றது. அம்மாவின் முந்தானையைப் பார்த்துவிட்டான். இழுபட்டு, கசங்கி, காற்றில் விறைத்து நின்ற முந்தானை.

“நவநீ, எடுத்து உடுறா,” என்றாள் அம்மா.

அவன் நகரவில்லை.

அண்ணி எழுந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு தரையில் கால் வைத்தாள். அவசரமே இல்லை. குனிந்து, அம்மாவின் முழங்காலுக்குப் பக்கத்தில், ஒன்றுமில்லாத இடத்தை நோக்கிக் கையை நீட்டினாள்.

முந்தானை தொய்ந்து விழுந்தது.

அண்ணி நிமிர்ந்தபோது அவளுடைய வலது கை முழுதாக நிமிரவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, விரல்கள் பாதி மூடி, எதையோ பிடித்திருப்பது போல நின்றது. இரண்டடி எடுத்து வைத்தாள், மிக மெதுவாக, தன் கால்களுக்காக அல்லாமல் வேறு யாருடைய கால்களுக்காகவோ நடப்பது போல. அவளுடைய காலடிக்குப் பக்கத்தில், பட், பட் என்று தரையில் ஈரம் விழுந்தது.

அண்ணன் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான்.

“ஏனுங்க,” என்றாள் அண்ணி.

வெளியே இன்னும் ஒரு கோழி கூடச் சத்தமிடவில்லை.

“அன்னைக்குத் துணியில சுத்தி நீங்கதானுங்க வெளிய தூக்கிட்டுப் போனீங்க. எம் புள்ளைய எங்க பொதைச்சீங்க? எனக்கு அந்த எடத்தைக் காட்டுங்க.”