கோடு அறும்வரை

இரண்டாவது வரியில் பிரித்துவிட்ட கோடு மறுபடியும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள். ஒட்டித்தான் இருந்தது. சின்னச் சுரங்களைக் கொத்தாகச் சேர்த்து, தலைக்கு மேல் தடித்த கோடு போட்டுக் கட்டுவது இசைக்குறிப்பு எழுதும் அந்த மென்பொருளின் வேலை. வேண்டாத இடத்தில் கட்டினால் சுரத்தைத் தொட்டுப் 'பிரி' என்று கொடுத்தால் போதும். பாட்டுக்காரர்களுக்கு நோட்டேஷன் அடித்துக் கொடுத்தே குடும்பம் நடத்துகிறவளுக்கு இதெல்லாம் தூக்கத்திலும் வரும். பிரித்தாள். பக்கத்து அறையில் மகளின் புல்லாங்குழல் ஆரம்பித்தது.

அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரு தனி ஏற்பாடு உண்டு. பொடிசாக இருந்தபோது, மூச்சு எடுக்க வேண்டிய இடத்தைக் காட்டும் குறி எதுவும் மகள் கண்ணில் படாது. "கோடு அறுகிற இடத்துல மூச்சு எடு, அதுவரைக்கும் எடுக்காதே" என்று அம்மாதான் பழக்கிவிட்டாள். கல்லூரிக்குப் போன பிறகும் பெண்ணுக்கு அது மாறவில்லை. இங்கே திருத்துவது அங்கே அவளுடைய டேப்லெட்டில் அந்தக் கணமே தெரியும்.

பாட்டு கிழவருடையது. மகளின் குரு. போன மாதம் போய்ச்சேர்ந்தார். நடுவில் மூச்சு வாங்கினால் பிரம்பு நுனியால் விலாவில் குத்துகிற மகராசன். அவர் கைப்பட எழுதிய கடைசிப் பாட்டில் முதல் சுரத்திலிருந்து கடைசிச் சுரம் வரை ஒரே கோடு. நாளை அஞ்சலிக் கூட்டத்தில் பெண் வாசிக்க வேண்டும். "எம்பொண்ணுக்கு இருக்கிறது நுரையீரல், துருத்தி இல்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே காலையிலிருந்து அதை அங்கங்கே வெட்டிக்கொண்டிருந்தாள்.

வெளியே மழை பிடித்திருந்தது. மத்தியானமே விளக்கு போடும்படி ஆகிவிட்ட அந்த அறையில், சூடேறிய கணினியின் காற்றோடு கலந்து, ஈரத் துணியின் வாடைக்கு அடியிலிருந்து, கிழவர் முழங்காலுக்குத் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் காரநெடி மெல்ல எழுந்து, அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பயம்தான். ஆனால் அதைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

"உயிரோட இருந்தப்பவே உங்களுக்கு நான் பயந்ததில்ல. இப்பவா பயப்படப்போறேன்?"

மறுபடி பிரித்தாள். கோடு அறுந்தது. அவள் கண்ணெதிரிலேயே இரண்டு முனையும் நகர்ந்து வந்து கூடிக்கொண்டன. மூன்றாவது வரியையும் சேர்த்துக் கட்டின. நான்காவதையும்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குழல் நிற்கவே இல்லை.

"கண்ணு! போதும், நிறுத்தும்மா!"

நிற்கவில்லை.

எழுந்து ஓடினாள். மகள் டேப்லெட்டையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நெஞ்சு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அம்மா டேப்லெட்டைத் தட்டிவிட்டாள். குழலைப் பிடுங்கி எறிந்தாள்.

பாட்டு நிற்கவில்லை. பெண்ணின் வாயிலிருந்து குழலின் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"விடுய்யா எம்பொண்ண!"

மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, வாயோடு வாய் வைத்து, தன்னிடம் இருந்த மூச்சு முழுவதையும் ஊதினாள். சத்தம் அறுந்தது. பெண் தரையில் சரிந்து, இருமி, காற்றை வாரி வாரி இழுத்தாள்.

"அம்மா... என்னம்மா ஆச்சு எனக்கு?"

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

பாட்டு வந்தது.

விட்ட இடத்திலிருந்து. அதே சுருதியில். அவள் வாயிலிருந்து.

மகள் அலறினாள். அவள் மகளைத் தூக்கி, இழுத்து, கணினி அறை வழியாக வெளியே கூடத்தில் தள்ளிக் கதவைத் தாழிட்டாள். மூச்சு எடுக்கப் பார்த்தாள். முடியவில்லை. கணினியிடம் போனாள். பிரி. ஒட்டியது. பிரி. ஒட்டியது. பிரி.

கோடு தாளின் ஓரத்தைத் தாண்டியது. திரையின் விளிம்பைத் தாண்டியது. வெள்ளைச் சுவரில் இறங்கியது. கறுப்பாக. தடித்து. கதவை நோக்கி.

"அம்மா! கதவத் திறம்மா!"

அவள் தள்ளாடிப் போய்க் கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் விரித்து நின்றாள். பாட்டு வந்துகொண்டே இருந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. கோடு சுவரோடு ஊர்ந்து அவள் கழுத்து உயரத்துக்கு வந்துவிட்டது.

அவள் நகரவில்லை.