வாள் மட்டும் வந்த சந்நிதி

மேற்கே கதிரவன் இன்னும் முழுமையாக மறையவில்லை. கிழக்கே பௌர்ணமிச் சந்திரனோ அவன் போகட்டும் என்று காத்திருக்கப் பொறுமையின்றி, நாணற்காட்டுக்கு மேலே எழுந்துவிட்டான். இருவர் ஒளியையும் ஒருசேர வாங்கிக்கொண்டு, பாதி செம்மையும் பாதி வெண்மையுமாக வெள்ளாறு நெடுங்கரைக் கோட்டையின் மதிலடியைத் தழுவி ஓடிக்கொண்டிருந்தது. அந்த அழகையெல்லாம் பார்க்கக் கொடுத்துவைத்தவள், நீர்வாயிற் படிக்கட்டில் நின்ற தில்லைநாச்சி ஒருத்திதான். அவளோ அதில் எதையும் பார்க்கவில்லை. எதிர்க்கரையில் முளைத்திருந்த வடகரை மன்னனின் கூடாரங்களைவிட்டு அவள் கண்கள் அகலவில்லை.

தில்லைநாச்சி, நெடுங்கரையை ஆண்ட இளம் சிற்றரசர் மழவரையரின் ஒரே தங்கை. அண்ணன்மேல் அவளுக்கு உயிர். கடந்த ஆறு மாதமாக அதே அண்ணன்மேல் தீராத கோபமும் உண்டு. அதற்குக் காரணம் இருந்தது, அன்பார்ந்த வாசகர்களே. அந்தக் கோட்டைக்குள் காவற்பிடாரியின் கோயில் ஒன்று இருந்தது. அந்தி பூசையில் மூன்று முறை சங்கு ஊதுவார்கள். மூன்றாம் சங்குக்குத் தீபம் காட்டும்போது, நெடுங்கரையை ஆள்பவர் எவராயினும் ஆயுதமின்றி, வெறுங்காலோடு சந்நிதியில் நிற்க வேண்டும். கோட்டைவாயிலின் சாவி அதற்கு முன்பே அம்மனின் காலடிக்கு வந்துவிட வேண்டும். விடியும்வரை அதை எடுக்க அரசருக்கும் உரிமை கிடையாது.

ஆறு மாதத்துக்கு முன் தண்டநாயகன் வல்லபன் ஐந்நூறு குதிரைகளோடு வந்து சேர்ந்தான். அன்று முதல் மழவரையருக்குக் கால் தரையில் பாவவில்லை. சாவி அம்மன் காலடியிலிருந்து வல்லபனின் இடுப்புக்கு ஏறியது. பூசைக்கு அரசர் வருவதும் நின்றது. அவருக்குப் பதிலாக அவருடைய வாள் ஒரு தாம்பாளத்தில் வந்து நின்றுவிட்டுப் போயிற்று.

"சாவியை அம்மன் காலடியிலிருந்து எடுத்து ஒரு மனிதன் கையில் வைக்க என்னால் ஆகாது" என்று மறுத்தவன் ஒருவன்தான். அவன் வாயிற்காவல் தலைவன் அம்பலக்கூத்தன். அவனும் அவனுடைய இருபது வீரரும் நாடு கடத்தப்பட்டார்கள். அன்று தில்லைநாச்சியின் மனமும் அவர்களோடு அதே வாயிலைத் தாண்டிப் போய்விட்டது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வாசகர்களிடம் நாம் சொல்லிவிடுவதில் தவறில்லை.

பௌர்ணமிப் பூசைக்குத் தாமரை ஏற்றிய பரிசல்கள் ஒவ்வொன்றாகப் படியை அணைந்தன. முதல் பரிசலிலிருந்து தலையில் முக்காடிட்ட பூக்காரன் ஒருவன் கூடையோடு இறங்கினான். கூடையை அவள் முன் வைத்துக் குனிந்தவன், தணிந்த குரலில் பேசினான்.

"தேவி, முகத்தில் எதையும் காட்டாதீர்கள். நான்தான்."

அந்தக் குரலைக் கேட்டதும் தில்லைநாச்சி பூவைப் பார்ப்பதுபோல் கூடைமேல் குனிந்துகொண்டாள்.

"கூத்தரே, உம் தலைக்கு இங்கே என்ன தண்டனை என்று தெரியுமா?"

"தெரியும். அதைவிடப் பெரிய செய்தி கொண்டுவந்திருக்கிறேன். எதிர்க்கரையில் பரிசல் தள்ளிப் பிழைத்தேன். இன்று வல்லபனின் தூதன் ஒருவன் என் பரிசலில் ஏறி, வடகரையானைக் கண்டுவிட்டுத் திரும்பினான். திரும்பும்போது அவனை நாணலுக்குள் கட்டிப்போட்டு விசாரித்தேன். மூன்றாம் சங்கு ஊதியதும் கோட்டைவாயில் திறக்கும். வடகரையானின் படை நேற்றிரவே ஆற்றைக் கடந்து, வாயிலுக்கு எதிரே நாணற்காட்டில் பதுங்கியிருக்கிறது."

அவன் உள்ளங்கையில் ஒரு முத்திரை மோதிரம் மின்னியது. அண்ணன் தம் விரலிலிருந்தே கழற்றி வல்லபனுக்குப் போட்ட மோதிரம் அது. தூதன் அதை அடையாளமாகக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறான்.

"உம் வீரர்கள்?"

"இருபது பேரும் பரிசல்களில் இருக்கிறார்கள். பூவுக்கடியில் வாள்கள். ஆனால் தேவி, நாங்கள் வாயிலைப் பிடித்தாலும் வல்லபன் ஒரு சொல் சொன்னால் ஐந்நூறு குதிரைகளும் எங்களை மிதித்துவிடும். முதலில் அரசர் அறிய வேண்டும். அதுவும் வல்லபன் வாள்வீச்சு எட்டாத இடத்தில்."

அப்போது முதல் சங்கு முழங்கியது.

வல்லபன் அண்ணனின் நிழலைப்போல் கூடவே இருப்பவன். அவன் எதிரில் மோதிரத்தை நீட்டினால் அண்ணன் தலைதான் முதலில் உருளும். ஆயுதத்தோடு யாரும் நுழையக் கூடாத இடம் கோட்டையில் ஒன்றே ஒன்றுதான். அங்கே அண்ணன் வருவதில்லை. அவருடைய வாள்தான் வருகிறது. இந்த எண்ணம் தோன்றியதும் தில்லைநாச்சி மோதிரத்தை வாங்கிக்கொண்டு கோயிலை நோக்கி ஓடினாள் என்றே சொல்ல வேண்டும். ஊர்மக்கள் கூடியிருந்த முற்றத்தில் அரசகுமாரி ஓடுவதைப் பார்த்துப் பலர் வாயைப் பிளந்தார்கள். தாமரைக் கூடையோடு அவள் பின்னால் சந்நிதிக்குள் போன பூக்காரனை யாரும் கவனிக்கவில்லை.

இரண்டாம் சங்கு முழங்கி அடங்கும்போது குதிரைவீரர் இருவர் தாம்பாளத்தில் வாளைக் கொண்டுவந்து நிலைப்படிக்கு வெளியே வைத்தார்கள். பூசகர் சீராளர் மூன்றாம் சங்குக்குக் கை நீட்டினார்.

"ஐயா, ஊதாதீர்கள்" என்றாள் தில்லைநாச்சி. "வாளைத் திருப்பி அனுப்புங்கள். அம்மன் ஆளைக் கேட்கிறாள் என்று சொல்லுங்கள்."

சீராளர் விழித்தார். "தாயே, அம்மன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லையே."

"ஆறு மாதமாகக் கேட்கிறாள். உங்களுக்கும் கேட்டிருக்கும், பயத்தில் சொல்லாமல் இருந்தீர்கள்."

அந்த எளிய மனிதர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். வாளைத் திருப்பிக் கொடுத்து, அரசரிடம் அப்படியே சொல்லியனுப்பினார்.

மழவரையர் கோபத்தோடு வந்தார். கூடவே வல்லபனும் வந்து, உடைவாளோடு மண்டபத்தின் நிலைப்படியில் நின்றான். அரசர் பாதரட்சையைக் கழற்றிவிட்டு, வெறுங்கையோடு உள்ளே வந்தார்.

"நாச்சி, எதிரி ஆற்றுக்கு அந்தப்பக்கம் நிற்கும்போது இது என்ன விளையாட்டு? ஐந்நூறு குதிரை காக்காததை இந்தக் கல் காத்துவிடுமா?"

அவள் பதில் சொல்வதற்குள் நிலைப்படியிலிருந்து குரல் வந்தது. "அரசே, பேச்சு எதற்கு? சங்கை ஊதச் சொல்லுங்கள்."

சிறிது நேரத்தில் மறுபடியும், "அரசே, தீபாராதனை ஆகட்டும்" என்றான். மூன்றாம் தடவை அவன் குரலில் ஒரு பதற்றமே தெரிந்தது. "பூசையைத் தாமதிப்பது நல்லதல்ல, அரசே."

மழவரையர் அகந்தை பிடித்தவரே தவிர அறிவில்லாதவர் அல்லர். ஆறு மாதத்தில் ஒரு நாளும் இந்தக் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதனுக்கு இன்று என்ன இவ்வளவு பக்தி? அவர் நெற்றி சுருங்கியது. அந்தக் கணத்தில் தங்கை நீட்டிய பூத்தட்டில், தாமரை இதழ்களுக்கு நடுவே தம் மோதிரம் கிடப்பதைக் கண்டார்.

"எங்கிருந்து வந்தது?" என்றார் உதடு அசையாமல்.

"வடகரையிலிருந்து. மூன்றாம் சங்குதான் அடையாளம், அண்ணா. ஊதினால் வாயில் திறக்கும்."

அவர் முகத்தில் இரத்தம் வற்றியதைத் தில்லைநாச்சி பார்த்தாள். அவளுக்கு இருந்த கோபமெல்லாம் போய் அழுகை வந்தது. குதிரைகள் வல்லபனுடையவை, வீரர் அவனுடையவர், வாளோ தாம்பாளத்தோடு அரண்மனைக்குத் திரும்பிவிட்டது. நெடுங்கரை அரசர் அம்மன் முன்னால் ஒன்றுமில்லாதவராக நின்றார். மெல்ல இரு கைகளையும் கூப்பினார்.

"தாயே, என்னிடம் இப்போது யாருமில்லை" என்று அவர் முணுமுணுத்தது தங்கைக்கு மட்டுமே கேட்டது.

பிறகு அவர் திரும்பியபோது குரல் வழக்கம்போல் இருந்தது. "தண்டநாயகரே, தாங்கள் சொல்வதே சரி. உள்ளே வாருங்கள். பழைய முறைப்படி சாவியை அம்மன் காலடியில் வைத்தால்தான் தீபம் காட்டுவாராம் பூசகர். தீபம் ஆனதும் எடுத்துக்கொள்ளலாம்."

வல்லபன் வாளை வெளியே கழற்றி வைத்துவிட்டு அவசரமாக உள்ளே வந்தான். அவன் கை இடுப்புக்குப் போயிற்று. அங்கே சாவி இல்லை. அது ஏற்கெனவே கோட்டைவாயிலின் பூட்டில், அவனுடைய கையாட்கள் நால்வரின் பிடியில் அல்லவா இருந்தது?

"சாவி எங்கே, தண்டநாயகரே?"

பதிலாக அவன் மடியிலிருந்து ஒரு குறுவாள் வந்தது. அது அரசரின் நெஞ்சை எட்டுவதற்குள், பின்னால் நின்ற பூக்காரன் தாமரைக் கூடையை அப்படியே வல்லபனின் தலையில் கவிழ்த்து அமுக்கினான். ஐந்நூறு குதிரைக்குத் தலைவன், கூடைக்குள் கூச்சலிட்டுக்கொண்டு கீழே விழுந்தான். கூத்தனின் முக்காடு நழுவியது. "கூத்தரா!" என்றார் மழவரையர்.

அதன்பிறகு நடந்தவை மளமளவென்று நடந்தன. நீர்வாயிலுக்கு ஓடிய கூத்தனும் பரிசல்களில் காத்திருந்த இருபது வீரரும் பூவுக்கடியிலிருந்து வாளை எடுத்துக்கொண்டு கோட்டைவாயிலுக்குப் பாய்ந்தார்கள். கையாட்கள் நால்வரும் பிடிபட்டார்கள். சூது ஏதும் அறியாத குதிரைவீரர்கள், கட்டுண்ட தலைவனையும் வெறுங்காலோடு நடந்துவந்த அரசரையும் கண்டு தலைகுனிந்து நின்றார்கள். குதிரைகளோ கொள்ளுத் தின்றுகொண்டிருந்தன.

பூட்டிலிருந்த சாவியைத் தம் கையாலேயே எடுத்துக்கொண்டு மழவரையர் சந்நிதிக்குத் திரும்பினார்.

"கூத்தரே, உமக்கு அநியாயம் செய்தேன். வாயிற்காவல் மறுபடியும் உம்முடையது. என் தங்கையின் மனமும் உம்மிடம்தான் இருக்கிறது என்பதை அவள் முகமே சொல்கிறது. ஆனால் இந்தச் சாவியை உம் கையிலும் தரமாட்டேன்."

"தந்தாலும் வாங்கமாட்டேன், அரசே" என்றான் அம்பலக்கூத்தன். தில்லைநாச்சி தலையைக் குனிந்துகொண்டாள். அவன் வில்லாளரோடு மதிலுக்கு விரைந்தான்.

மழவரையர் சாவியை அம்மன் காலடியில் வைத்தார். "உயிருள்ளவரை அந்திதோறும் நானே வந்து நிற்பேன். இனி எனக்குப் பதிலாக என் வாள் வராது" என்று ஊர்மக்கள் கேட்க ஆணையிட்டுச் சொன்னார்.

"ஐயா, இப்போது ஊதுங்கள்" என்றாள் தில்லைநாச்சி.

மூன்றாம் சங்கு முழங்கியது. எதிரே நாணற்காட்டில் பதுங்கியிருந்த படை ஆரவாரத்தோடு எழுந்து, பட்டப்பகல்போல் காய்ந்த நிலவில், திறக்கப்போகும் வாயிலை நோக்கி ஓடிவந்தது. வாயில் திறக்கவில்லை. மதில்மேல் நாண்கள் விம்மும் ஒலி சந்நிதிவரை கேட்டது. மழவரையர் திரும்பிப் பார்க்கவில்லை. கூப்பிய கைகளோடு தீபம் அணையும்வரை அங்கேயே நின்றார்.