தலைக்குப் பக்கத்தில் ஒரு வட்டம்

"அத அமுக்காத ஷோபா, சொல்றேன் இல்ல—"

"கைய எடு பாவா. இது வேல செய்யற எடம்."

"வேலயாம், வேல! கொழந்தய வெரட்டறதுக்குப் பேரு வேலயா?"

"கொழந்த இல்ல அது. மிஷின் பண்ற தப்பு. அதுக்குத்தான் 'தவறு'ன்னு பட்டன் வெச்சிகீறான்—"

"தப்புன்னா உன் கை ஏன்டி நடுங்குது?"

ஷோபனா மவுஸிலிருந்து கையை எடுத்தாள். ஏசிக் குளிர் என்று சொல்லிப் பார்க்கலாம். புருஷனிடம் அது செல்லாது. அரசுவும் இதே ஸ்கேன் சென்டரில்தான் இருக்கிறான். நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு வந்து எம்.ஆர்.ஐ. மேசையில் படுக்கவைப்பது அவன் வேலை; கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து படம் எடுப்பது அவள் வேலை. அந்த அறையின் குளிர் இருவருக்கும் எப்போதோ பழகிப்போனது.

வெளியே ஆடிக் கிருத்திகை. வண்டிகளையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டதால் நோயாளி ஒருவரும் வரவில்லை. பம்பை மேளமும் அரோகராவும் மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தன. கதவிடுக்கு வழியாகக் கற்பூர வாசனையும், நசுங்கிய சாமந்தி வாசனையும், யார் தலையிலோ புதிதாகப் பூசிய சந்தனத்தின் வாசனையும் உள்ளே வந்து ஸ்பிரிட் நெடியோடு கலந்தன. ஊரே மேலே போகிற நாளில் இவர்கள் இரண்டு பேர் மட்டும் கீழே. சாவு விழுந்த வீடு. வருஷம் திரும்புகிற வரைக்கும் மலையேறக் கூடாது.

மகள் சௌமியா ஒன்றாம் வகுப்புகூட முடிக்கவில்லை. பின்மண்டையில் கட்டி. அந்தப் படத்தை எடுத்ததே ஷோபனாதான்.

"மொதல்ல வந்தப்பவே தவறுன்னு போட்டேன், அது நின்னிருக்கணும்" என்றாள். "கம்பெனிக்காரர் அப்டித்தான் சொன்னாரு. ஏன் நிக்கல? அதான் எனக்குப் புரியல."

அரசு சுவரைப் பார்த்தான்.

"நீ போட்டத நான் மாத்திட்டேன் ஷோபா. அன்னிக்கு நீ டீ குடிக்கப் போயிருந்த. நான்தான் அமுக்கினேன். 'சரி'ன்னு."

"பாவா!"

"பாத்தவுடனே நம்ம பாப்பான்னு தெரிஞ்சிடுச்சே. இன்னா பண்ணச் சொல்ற?"

அந்தப் பட்டன் உள்ள மென்பொருள் இங்கே வந்து அதிக நாள் ஆகவில்லை. மூளைப் படத்தில் கட்டியோ புண்ணோ இருந்தால், டாக்டர் பார்ப்பதற்கு முன்பே மஞ்சள் கோட்டால் வட்டம் போட்டுக் காட்டிவிடும். டீப் லேர்னிங் என்றார் கம்பெனிக்காரர். "ஆயிரக்கணக்கான படத்தைக் காட்டிக் காட்டிப் பழக்கியிருக்கோம்மா. இனிமே நீங்க சொல்லிக்குடுக்கறதுதான். வட்டம் சரியா இருந்தா சரி, இல்லன்னா தவறு. அப்பப்பவே கத்துக்கும்." அந்த ஆயிரக்கணக்கான படங்களில் சௌமியாவுடையதும் இருந்தது. மற்ற பிள்ளைகளுக்கு உதவும் என்று டாக்டர் கேட்டபோது இருவரும் தலையாட்டினார்கள். அப்போது பிள்ளை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டு, "நைனா, பசிக்குது" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

பள்ளிப்பட்டிலிருந்து தலைவலி என்று வந்த நெசவுக்காரப் பெண்மணி கன்னியம்மாளின் படத்தில்தான் அது முதலில் வந்தது. மூளை சுத்தமாக இருந்தது. வட்டம் தலைக்கு வெளியே விழுந்திருந்தது, இடது காதுக்குப் பக்கத்தில், வெறும் இருட்டில். அங்கே மேசையின் திண்டும் காற்றும் தவிர ஒன்றும் கிடையாது. ஏதோ கோளாறு என்றுதான் ஷோபனா நினைத்தாள். வெளிச்சத்தை ஏற்றிப் பார்த்தபோது, அந்தக் கறுப்புக்குள்ளிருந்து, பனிமூட்டத்தில் விளக்குத் தெரிகிற மாதிரி, மெல்லச் சாம்பல் நிறத்தில் ஒன்று மேலெழுந்தது. ஒரு மண்டையோட்டின் வளைவு. பெரியவர்களுடையது இல்லை. அதற்குள், பின்பக்கம் கீழே, பலாக்கொட்டை அளவுக்கு ஒரு வெள்ளை. கண்ணைக் கட்டிவிட்டாலும் அவளால் விரல் வைத்துக் காட்ட முடிகிற இடம் அது.

அதற்குப் பிறகு கனகம்மாசத்திரத்து லாரி டிரைவர் வீராசாமிக்கு வந்தது. பிறகு மணவூர் டீச்சர் ஒருத்திக்கு. ஒவ்வொரு படத்திலும் சின்ன வட்டம் பெரிய தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கிக்கொண்டிருந்தது. டீச்சரின் படத்தில் ஒட்டியே விட்டது. சௌமியா தூங்குவது அப்படித்தான். யார் பக்கத்தில் படுத்தாலும், அவர்கள் காதுக்குப் பின்னால் நெற்றியை அழுத்திக்கொண்டால்தான் அதற்குத் தூக்கம் வரும்.

போன வாரம் கன்னியம்மாள் திரும்பி வந்தாள். தானாக வரவில்லை, அவள் புருஷன் தோளில் சாய்த்து அழைத்து வந்தான். வாய் கோணியிருந்தது. புதிய படத்தில், இடது காதுக்குப் பின்னால், மூளைக்குள், நிஜமாகவே ஒரு வெள்ளைப் புள்ளி. மறுநாள் வீராசாமி. அதே இடம். சென்னையிலிருந்து படம் பார்க்கிற டாக்டர் போனில் அலுத்துக்கொண்டார். "என்னம்மா, உங்க ஊர்ல எல்லாருக்கும் ஒரே இடத்துல வருது? தண்ணி கிண்ணி சரியில்லையா?"

டீச்சர் இன்னும் வரவில்லை. ஷோபனா தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது படுத்த எடத்துல இன்னா வருதுன்னு தெரியும் இல்ல உனக்கு?"

"ஆங், தெரியும்."

"தெரிஞ்சிகினேவா பேசற?"

"ஊர்ல கீறவங்க பக்கத்துல எல்லாம் போய்ப் படுக்குது ஷோபா. இருட்டுல அம்மா யாரு, நைனா யாருன்னு தெரியாம தடவிகினு கீது. நாம ஒருத்தரும் மிஷினுக்குள்ள போய்ப் படுக்கல. யாரா இருந்தாலும் பரவால்லன்னு ஒட்டிக்குது." அவன் குரல் உடைந்தது. "ஒரே ஒரு தபா. நான் படுக்கறேன். என்னப் பாத்துச்சுன்னா அப்புறம் யாரு கிட்டயும் போவாது."

"உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"ஆவட்டும். ராத்திரியில அது எப்பனா தனியா படுத்துகீதா, சொல்லு?"

அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். கண்ணாடிக்கு அப்பால், படம் எடுக்காத நேரத்திலும் ஓயாமல் ஓடும் குளிரூட்டி பம்ப், கூண்டுக்குள் அடைபட்ட குருவி மாதிரி கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"சரி" என்றாள், தலை நிமிராமல். "இரும்பு எல்லாத்தையும் கழட்டி வெச்சிட்டுப் போ."

அவன் முகம் ஒரு நொடி பழைய அரசு மாதிரி ஆனது. "கொஞ்சம் நல்லாத் தெரியற மாதிரி எடுடி" என்றான், ஸ்டூடியோவில் படம் பிடித்துக்கொள்ளப் போகிறவன் போல. பெல்ட், சாவி, செல்போன். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன ஹேர்பின். அதை மட்டும் தனியாக, கைக்குட்டையில் சுற்றி வைத்தான். உடை மாற்றும் அறைக்குள் போனான்.

கதவு சாத்தியதும் ஷோபனா திரைக்குத் திரும்பினாள்.

அவன் வருவதற்குள் முடித்துவிட வேண்டும். புருஷனையாவது மிச்சம் வைத்துக்கொள்ள வேண்டும். அதைத் தவிர அவளிடம் வேறு நினைப்பு இல்லை. பிள்ளையின் படத்தைப் பார்த்த அன்றைக்கு அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்றைக்கு ஒரு பட்டன் இருக்கிறது.

கன்னியம்மாளின் படம். வட்டத்தின் மேல் அம்பைக் கொண்டுபோனாள். தவறு. மஞ்சள் கோடு ஒரு தரம் துடித்து அணைந்தது. அதனடியில் இருந்த சாம்பல் நிறமும் மெதுவாக, தண்ணீரில் மூழ்குகிற மாதிரி, கறுப்புக்குள் போனது.

வீராசாமி. தவறு.

இதில் சின்னத் தலை மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்ததாக நினைவு. இப்போது அது கொஞ்சம் திரும்பியிருந்த மாதிரி இருந்தது. எடுத்து முடித்த படம் திரும்பாது. அவளுக்குத் தெரியும். தெரிந்தும் முதுகில் வேர்த்தது. பம்பின் கீச்சொலி நின்றிருந்தது. எப்போது நின்றதென்று தெரியவில்லை. வெளியே மேளச் சத்தமும் இல்லை. இவ்வளவு ஜனம் ஒரே நேரத்தில் எப்படி வாய் மூடும்? கற்பூரத்தையும் ஸ்பிரிட்டையும் தாண்டி ஒரு வாசனை. தேங்காயெண்ணெய். வேர்த்த பிள்ளைத்தலை.

டீச்சரின் படம்.

முழுவதும் திரும்பியிருந்தது.

கண்கள் இருந்தன. எம்.ஆர்.ஐ.யில் கண்கள் இரண்டு வெள்ளை உருண்டைகள், அவ்வளவுதான். அவற்றுக்குப் பார்வை கிடையாது. அவள் எத்தனையோ ஆயிரம் பார்த்திருக்கிறாள்.

இவை பார்த்தன.

"அம்மா மேல கோவமா?" அவள் உதடு மட்டும் அசைந்தது. "நைனா மட்டும் வாணாம்டா கண்ணு. நைனாவ உட்டுடு."

தவறு.

அணையவில்லை.

தவறு. தவறு. தவறு.

அணைந்தது.

பம்ப் மறுபடி கீச்சிட்டது. தூரத்தில் யாரோ அரோகரா என்றார்கள், நூறு குரல்கள் பதில் சொல்லின. ஷோபனா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகை வந்தது, அழ நேரமில்லை. அரசு வெளியே வந்துவிட்டான், நோயாளிகளின் பச்சை அங்கியில், வெறுங்காலோடு, எங்கோ நல்ல காரியத்துக்குப் போகிறவன் மாதிரி தலை சீவியிருந்தான்.

அவளே அவனைப் படுக்கவைத்தாள். தலைக்கு மேல் பிளாஸ்டிக் கூண்டைப் பூட்டினாள். கூண்டில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. உள்ளே படுத்திருப்பவர்களுக்கு மூச்சுமுட்டாமல் இருக்க, அதில் பார்த்தால் இந்தப் பக்கத்து அறையும், படம் எடுப்பவரும் தெரிவார்கள்.

"எடம் உட்டுதான் படுத்துகீறேன்" என்றான். இடது பக்கம் ஒரு சாண் விட்டுத்தான் ஒதுங்கியிருந்தான்.

அவள் அவன் நெற்றியைத் தொட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

இயந்திரம் இடிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு துண்டாகப் படம் வந்தது. தாடை. மூக்கு. கண்கள். மூளையின் மடிப்புகள். ஷோபனா எழுந்து நின்று, திரையோடு முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். இடது பக்கம். காதோரம். இருட்டு.

வெறும் இருட்டு.

வெளிச்சத்தை ஏற்றினாள். இன்னும் ஏற்றினாள். ஒன்றுமில்லை. மஞ்சள் கோடு வரவேயில்லை. புருஷனின் மூளை கழுவி வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. அவன் ஒதுக்கி விட்ட இடத்தில் யாருமில்லை.

போய்விட்டது. அவள்தான் அனுப்பினாள். அவ்வளவு சின்னப் பிள்ளையை, அவ்வளவு இருட்டில்.

அவள் அழத் தொடங்கினாள். சத்தம் வெளியே கேட்காத அழுகை. இடது தோள் வலித்தது. குனிந்தே நின்றதால் இருக்கும். இடது கை மடங்கியபடியே மரத்துப்போயிருந்தது. நீட்டப் பார்த்தாள். வரவில்லை. இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. எப்போது அப்படிச் சாய்ந்து நின்றாள் என்று நினைவில்லை. கழுத்தில் ஏதோ சூடு. பிறகு ஈரம்.

இயந்திரம் நின்றது.

அந்த அமைதியில் ஸ்பீக்கர் கரகரத்தது. கூண்டுக் கண்ணாடியைப் பார்த்தபடி அரசு பேசினான், தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடக் கூடாதே என்பது போல, மெதுவாக.

"ஷோபா… பாப்பாவ எப்போ தூக்கின? உன் காதுல தலய சாய்ச்சிகினு தூங்குதே."