ஐயமானி

மூன்று பேரின் கழுத்திலும் பட்டை ஒட்டிக்கொண்டதும், ஹெலிகாப்டரின் முன்பலகையில் இருந்த சின்ன விளக்கு பச்சைக்கு மாறியது. பச்சை வந்தால்தான் எஞ்சின் உயிர் பெறும்.

"பச்சை. போகலாமா?" என்றார் கேப்டன் தேவசகாயம்.

யாரும் பதில் சொல்லவில்லை. முன்பெல்லாம் இந்த இடத்தில் மூன்று பேரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இப்போது விளக்கே சொல்லிவிடுகிறது.

பின்னிருக்கையில் இருந்த ஹபீபா பெல்ட்டை இழுத்துப் பூட்டினாள். வான்மருத்துவப் பணியில் பதினான்கு வருடம் இருந்த செவிலியர் அவள். அதில் ஒன்பது வருடம் இன்னொரு வேலையும் பார்த்தாள். 'சொல்லும் வகுப்பு' என்று தளத்தில் எல்லோரும் அழைத்த பயிற்சியை நடத்தினாள். விமானி பெரியவர், டாக்டர் படித்தவர், நாம் யார் சொல்ல என்று செவிலியர் வாயை மூடிக்கொண்டதால் ஹெலிகாப்டர்கள் மலையில் மோதின. அப்படி மோதிய ஒன்றின் ஒலிப்பதிவை வகுப்பில் போட்டுக் காட்டுவாள். கடைசி நொடியில் ஒரு குரல் "சார்..." என்று மட்டும் சொல்லி நின்றுவிடும். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு என்ன சொல்ல வேண்டும் என்பதுதான் முழுப் பாடமும். முதலில் கேள். பிறகு பார்த்ததைச் சொல். கேட்காவிட்டால் 'எனக்கு இது சரியாகப் படவில்லை' என்று சொல். அப்போதும் கேட்காவிட்டால் 'நிறுத்து' என்று கத்து.

பிறகு கழுத்துப் பட்டையோடு ஐயமானி வந்தது. சந்தேகம் வாய்க்கு வருமுன் உடம்பில் வந்துவிடுகிறது. நாடித் துடிப்பிலும் மூச்சிலும் தோலின் ஈரத்திலும் அதைப் படித்துவிடலாம் என்று கண்டுபிடித்தார்கள். குழுவில் ஒருவருக்குச் சந்தேகம் தட்டி அது ஆறு நொடி நீடித்தால், விளக்கு மஞ்சளாகும். "ஒருவருக்கு ஐயம் உள்ளது" என்று அமைதியான குரல் ஒலிக்கும். யாருக்கு என்று சொல்லாது. பெரியவர் சின்னவர் கணக்கு அதற்குக் கிடையாது. சந்தேகப்பட்டவர்மேல் யாரும் கோபப்படவும் முடியாது.

நான்கு வருடமாக ஒரு விபத்தும் இல்லை. சொல்லும் வகுப்பை நிறுத்திவிட்டார்கள். ஹபீபாவுக்கு அதில் வருத்தம் இல்லை. நல்லதுதானே, உயிர்கள் பிழைக்கின்றன. ஆனாலும் தரையில் இருக்கும்போது அவளுக்கு இருப்புக் கொள்ளாது. முதல் வருடம் நூறு பயணத்துக்கு முப்பது தடவை பேசிய ஐயமானி, இந்த வருடம் நூற்றுக்கு இரண்டு தடவைதான் பேசியிருந்தது. குழுக்கள் தேர்ந்துவிட்டன என்று தளத்தில் கேக் வெட்டினார்கள். அன்றைக்குக் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஹபீபா அங்கும் இங்கும் நடந்தாள். என்ன உறுத்துகிறது என்று அவளுக்கே பிடிபடவில்லை. மறுநாள் பட்டையை ஒட்டிக்கொண்டதும் உறுத்தல் அடங்கிவிட்டது. எப்போதும் அப்படித்தான்.

பதினெட்டு நிமிடத்தில் கருங்காடு எஸ்டேட்டின் கால்பந்து மைதானத்தில் இறங்கினார்கள். மணி காலை பத்தரை. தேயிலை அரைக்கும் உருளையில் மூக்கையா என்பவரின் வலது கை சிக்கியிருந்தது. முழங்கைக்கு மேல் யாரோ வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அந்தக் கட்டுதான் அவரை அதுவரை பிழைக்க வைத்திருந்தது.

"யார் கட்டுனது?" என்று டாக்டர் சீராளன் கேட்டான். முப்பது வயதுகூட ஆகாதவன்; கை வேகமானவன்.

"நாந்தேன்," என்றாள் மூக்கையாவின் மனைவி பவுனம்மா. சேலை முழுக்க ரத்தம். கண்ணில் மட்டும் நீர் இல்லை. "தப்பாக் கட்டிப்புட்டேனா?"

"நல்லாத்தான் கட்டியிருக்கீங்க. ஏறுங்க."

துணையாளுக்குப் பட்டை கிடையாது. காதடைப்பான் உண்டு, அதில் பேசும் வசதி இல்லை. துணையாள் அழுது புலம்பினால் குழுவின் கவனம் சிதறும் என்பதால் அந்த ஏற்பாடு.

ஏறிய ஐந்தாவது நிமிடத்தில் கணவாய் மூடிக்கொண்டது. வரும்போது திறந்திருந்த இடத்தில் இப்போது வெள்ளைச் சுவர் மாதிரி மேகம் நின்றது. மூக்கையாவின் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது.

"இன்னும் எவ்வளவு நேரம் கேப்டன்?" என்றான் சீராளன்.

"கெழக்கால ஒரு பள்ளத்தாக்கு இருக்கு டாக்டர். மேகத்துக்குக் கீழ தாழ்வாப் போனா பதினோரு நிமிஷம்."

"சரி."

விளக்கு பச்சையாகவே இருந்தது. ஹெலிகாப்டர் சாய்ந்து திரும்பிப் பள்ளத்தாக்குக்குள் இறங்கியது. இரண்டு பக்கமும் தேயிலைச் சரிவு, மேலே சாம்பல் கூரை. ரத்தப் பையை அழுத்திப் பிடித்தபடி ஹபீபா வெளியே பார்த்தாள். இடப்பக்க மேட்டில் ஒரு இரும்புக் கோபுரம் தெரிந்தது. புத்தம் புது வெள்ளியாக மின்னியது. போன முறை இந்த வழியாக வந்தபோது அது அங்கே இல்லை.

பார்த்தாள். அவ்வளவுதான். கேப்டனும் பார்த்திருப்பார் என்று ஒரு எண்ணம் வந்தது. பச்சையாகத்தானே இருக்கிறது என்று இன்னொரு எண்ணம் அதன் மேல் வந்து படுத்துக்கொண்டது. அவள் மறுபடி ரத்தப் பைக்குத் திரும்பினாள்.

அப்போது யாரோ அவள் தோளில் ஓங்கி அடித்தார்கள். பவுனம்மா காதடைப்பானைக் கழற்றி எறிந்துவிட்டு வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தாள். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ஹபீபா தன் ஹெட்செட்டை ஒரு பக்கம் விலக்கினாள்.

"அங்கிட்டுப் போகாதீக! கரண்டு லைனு! போன வாரந்தேன் இழுத்தாக! இந்தக் கோபுரத்துல இருந்து அந்தக் கோபுரத்துக்கு! நாங்க அதுக்குக் கீழதேன் கொழுந்து பறிக்கிறோம்!"

ஹபீபாவின் நெஞ்சு திடும் திடுமென்று அடித்தது. சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியது என்ன என்று அவளுக்குத் தெரியும்; ஒன்பது வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள். ஆனால் அவள் கண் விளக்கின் மேல் போய் நின்றது. அது இன்னும் பச்சை. நெஞ்சு இப்படி அடிக்கிறதே, இதோ மஞ்சளாகிவிடும், குரல் சொல்லிவிடும் என்று காத்திருந்தாள். ஒரு நொடி. இரண்டு நொடி.

"கேப்டன்..." என்றாள். அத்தோடு நின்றது.

தன் குரல் காதில் விழுந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வகுப்பில் நூறு தடவை போட்டுக் காட்டிய அந்த "சார்..." இதுவேதான்.

"நிறுத்துங்க! முன்னாடி கம்பி! மேல தூக்குங்க, மேல!"

தேவசகாயம் கேள்வி கேட்கவில்லை. ஹெலிகாப்டரின் மூக்கு செங்குத்தாக எழுந்தது. எல்லோரும் இருக்கையோடு நசுங்கினார்கள். கண்ணாடிக்குக் கீழே, காலுக்கு மிக அருகில், மூன்று கறுப்புக் கம்பிகள் வழுக்கிக்கொண்டு போயின. சீராளன் மூக்கையாவின் மேல் குப்புற விழுந்து ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மேகத்துக்குள் புகுந்த பிறகு விளக்கு மஞ்சளானது. அமைதியான குரல் ஒலித்தது. "ஒருவருக்கு ஐயம் உள்ளது."

யாரும் சிரிக்கவில்லை.

மூக்கையா பிழைத்தார். இரண்டு விரல் போயிற்று, கை தங்கியது. மூன்றாம் நாள் விசாரணை நடந்தது. தளத்தின் இயக்குநர் மாசிலாமணி கெட்டவர் அல்ல. மேசையில் பதிவுத் தாள்களைப் பரப்பி வைத்து ஒவ்வொருவராகக் கேட்டார்.

"கோபுரத்தைப் பாத்தீங்களா கேப்டன்?"

"பாத்தேன் சார். மேப்ல இல்ல. ஆனா பின்னால ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்லல, வெளக்கும் பச்சையா இருந்துது."

"டாக்டர்?"

சீராளன் தலையைக் குனிந்துகொண்டான். "பாத்தேன் சார். கேப்டனுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

"சிஸ்டர்?"

"நானும் பாத்தேன்."

மாசிலாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மெஷின்ல கோளாறு இல்ல. ரெண்டு தடவை சோதிச்சுட்டாங்க. சந்தேகம் இருந்திருந்தா சொல்லியிருக்கும்."

"அதான் சார் நான் சொல்றது," என்றாள் ஹபீபா. நாற்காலியில் அவளால் உட்கார முடியவில்லை, எழுந்துவிட்டாள். "எங்க மூணு பேருக்குமே சந்தேகம் வரல. பயந்து மறைக்கல சார், வரவே இல்ல. அது நமக்காகச் சந்தேகப்படும்னு நாங்க விட்டுட்டோம். அதுவோ எங்களைப் பாத்துத்தான் சந்தேகப்படும். அப்ப யாருதான் சார் பாக்குறது? பட்டையைக் கழட்டிடலாம். வகுப்பை மறுபடி நடத்துறேன்."

"நாலு வருஷமா ஒரு சாவு இல்ல சிஸ்டர். அதைக் கழட்டி நாளைக்கு ஒண்ணு ஆனா, உங்க வகுப்பு பதில் சொல்லுமா?"

அந்தக் கேள்விதான் அவளை அன்று முழுக்க வறுத்தெடுத்தது. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

மாசிலாமணி பதிவுத் தாள்களை மறுபடி புரட்டினார். பிறகு முகம் தெளிந்தது. "அந்தம்மாவுக்கு மட்டும் சந்தேகம் வந்துச்சுல்ல? அது பதிவாகாம போச்சு. அதுதான் நம்ம ஓட்டை."

அடுத்த மாதமே உத்தரவு வந்தது. ஒவ்வொரு ஹெலிகாப்டரிலும் நான்காவது பட்டை, துணையாளுக்கும் கட்டாயம்.

புதிய பட்டையோடு முதல் பயணம் ஒரு மலைக்கிராமத்துக்கு. பாம்பு கடித்த வேலுத்தாய் என்ற பெண்ணை ஏற்றினார்கள். உடன் வந்தவர் அவள் அண்ணன், அவள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிவந்த சின்னாண்டி. அந்த மலையின் ஒவ்வொரு பாறையும் தெரிந்தவர். ஹபீபா அவர் கழுத்தில் பட்டையை ஒட்டினாள். வியர்வையில் இரண்டு முறை நழுவியது.

"இது என்னதுங்க?"

"உங்களுக்கு ஏதாவது சரியில்லன்னு தோணுச்சுன்னா இது எங்களுக்குச் சொல்லிடும்," என்றாள். சொன்னவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் பக்கம் குனிந்து, காதடைப்பானை விலக்கி, அவசரமாகச் சொன்னாள். "அதை நம்பாதீங்க. எதைப் பாத்தாலும் நீங்களே கத்துங்க. என்னை அடிச்சுச் சொல்லுங்க. சரியா?"

சின்னாண்டி தலையாட்டினார். ஜன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்தார். ஹபீபாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

இறக்கைகள் சுழன்றன, தரை விலகியது. சற்று நேரத்தில் அவர் பார்வை மலையை விட்டு முன்பலகைக்கு வந்தது. அங்கேயே நின்றது. இறுகியிருந்த தோள்கள் மெல்லத் தளர்ந்தன.

"என்னண்ணே? வெளிய பாருங்க," என்று ஹபீபா அவர் காதருகே கத்தினாள்.

"அதேன் பச்சையா எரியுதே தாயி," என்றார் சின்னாண்டி, முதன்முறையாகச் சிரித்து. "நாஞ் சொல்றதுக்கு என்ன இருக்கு?"