ஐம்பத்தைந்தாவது க்ளிக்

மாஸ்டர் அவள் தோளில் சாய்ந்தார்.

கால் இடறிவிட்டது என்றுதான் நினைத்தாள். "பாத்து மாஸ்டர்..." என்றபடி, கையில் பிடித்த அளவு டேப்போடு திரும்பினாள்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது.

டப்!

அறுநூறு மீட்டருக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற சத்தம். குண்டு முந்திக்கொள்ளும். சத்தம் பின்னால் மூச்சிரைக்க ஓடி வரும்.

மாஸ்டரின் நெற்றியில் ஒரு சின்ன ஓட்டை. அவள் மடியில் விரித்து வைத்திருந்த டார்கெட் பேப்பரில், வட்டங்களின் மேல், அவருடைய ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் கத்தினாள். தன் குரல்தானா என்று தனக்கே தெரியாத அளவுக்குக் கத்தினாள்.

துப்பாக்கி சுடும் கிளப் அது. மாஸ்டர்தான் அங்கே பயிற்சி தந்தவர். சிவப்புக் கொடி ஏற்றியிருந்தார்கள். கொடி ஏறினால் டார்கெட் பக்கம் ஆள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். ரைஃபிளைச் சுடும் மேட்டிலேயே வைத்துவிட்டு எல்லோரும் ஒதுங்கிவிட வேண்டும். கேன்டீனில் டீ குடிக்கப் போவார்கள். அந்த இடைவெளியில்தான் ஞாயிறுதோறும் அவளும் மாஸ்டரும் டார்கெட் அருகே போய், விழுந்த ஓட்டைகளை அளப்பார்கள். அவளுக்கு நாற்காலி உண்டு. மாஸ்டர் நாற்காலிக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்பார். உட்காருங்கள் என்றால், செத்த பிறகு படுத்தே கிடக்கப் போகிறேன், இப்போது நிற்கிறேன் என்பார்.

மனிதரின் வாய்ச்சொல் பலித்துவிட்டது.

* * *

சுட்ட ரைஃபிள் யாருடையது என்று தேட வேண்டிய வேலையே போலீசுக்கு இருக்கவில்லை. அது மேட்டிலேயே கிடந்தது. குழல் சூடு ஆறவில்லை.

அவளுடைய தம்பியின் ரைஃபிள்.

சின்னவன் என்று வீட்டில் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வயதாகியும் சின்னவன்தான். முந்தின நாள் மாஸ்டர் அவனை டீமிலிருந்து தூக்கியிருந்தார். கிளப்பே வேடிக்கை பார்க்க அவன் மாஸ்டரின் சட்டையைப் பிடித்திருக்கிறான். சுட்ட நேரத்தில் எங்கே இருந்தாய் என்று கேட்டால், கார் பார்க்கிங்கில் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன் என்கிறான். அதைப் பார்த்த சாட்சி யாரும் இல்லை.

கையில் விலங்கு மாட்டி இழுத்துப் போனார்கள்.

"அக்கா... நான் இல்லக்கா," என்று அவன் திரும்பிச் சொன்னான். அவ்வளவுதான். ஜீப் கதவு மூடிக்கொண்டது.

அவனுக்குப் பத்து வயதில் அம்மா போனாள். அடுத்த வருஷம் அப்பா. அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு ஊட்டியதும் திட்டியதும் கையில் ரைஃபிளைக் கொடுத்ததும் அவள்தான். இப்போது அவனுக்குத் தூக்குக் கயிறு திரிகிறது.

அவள் கணவன் செய்தி கேட்டு வெளியூரிலிருந்து அன்று சாயங்காலமே வந்துவிட்டான். ஒரு வாரமாகக் கம்பெனி வேலை என்று அங்கே இருந்தவன். வந்ததும் வக்கீலுக்குப் போன் போட்டான். அவளுக்குத் தலைவலி மாத்திரை எடுத்துக் கொடுத்தான். சின்னவன் எனக்கும் தம்பிதான், சொத்தை வித்தாவது வெளியே கொண்டு வருவேன் என்று சொன்னபோது, அவள் அவன் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

* * *

இரண்டாம் நாள் மதியம் இன்ஸ்பெக்டர் அவள் கடைக்கு வந்தார்.

டெலஸ்கோப், பைனாகுலர், ரைஃபிள் மேல் மாட்டிக் குறி பார்க்கிற ஸ்கோப் எல்லாம் விற்கிற கடை. அப்பா வைத்தது. இப்போது அக்கா, தம்பி இருவர் பெயரிலும் இருக்கிறது. இன்ஸ்பெக்டர் ஐம்பதைத் தொட்ட மனிதர். இருமல் மிட்டாயை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டே பேசுவார். துணியில் சுற்றிய ரைஃபிளைக் கண்ணாடி மேஜை மேல் வைத்தார்.

"எங்க ஆளுங்களுக்கு இந்த டயல் கணக்கு எதுவும் புரியலம்மா. ஊர்ல இதப்பத்தி தெரிஞ்சவங்க ரெண்டே பேராம். ஒருத்தரு மார்ச்சுவரில இருக்காரு."

"இது என் தம்பி கேஸு சார். நான் பாத்துச் சொன்னா நம்புவீங்களா?"

"நம்ப மாட்டேன். ஆனா கேட்டுக்குவேன்."

அவள் ரைஃபிளை விளக்குக்குக் கீழே இழுத்தாள். ஸ்கோப்பின் தலையில் இருக்கும் டயலைப் பார்த்தாள்.

பார்த்தபடியே இருந்தாள்.

"என்னம்மா?"

"இத யாராவது திருப்பினீங்களா?"

"கைரேகை எடுத்தாங்க. திருப்பல. ரேகையும் தெளிவா கிடைக்கல, கையுறை போட்டிருக்கான்."

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஸ்கோப்பை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். அதற்காக அக்காவும் தம்பியும் கடைக்குள் நாலு நாள் சண்டை போட்டிருந்தார்கள். சின்னவனுக்குப் பெரிதாகக் காட்டுகிற ஸ்கோப் வேண்டும். டார்கெட்டில் ஈ உட்கார்ந்தால் ஈயின் மீசை தெரிய வேண்டும். அவள் முடியவே முடியாது என்றுவிட்டாள். வெயில் ஏறினால் அறுநூறு மீட்டரில் கானல் ஆடும். பெரிதாக்கினால் அந்த ஆட்டமும் சேர்ந்து பெரிதாகும். அதைவிட டயல் ஒழுங்காக இருப்பது முக்கியம். திருப்பின இடத்தில் நிற்க வேண்டும், திருப்பி விட்டால் பழைய இடத்துக்கே வர வேண்டும்.

அவனுடைய பழைய ஸ்கோப்பில் ஒரு வில்லங்கம் இருந்தது. உள்ளே தெரிகிற கோடு ஒரு அளவு. வெளியே திருப்புகிற டயல் இன்னொரு அளவு. கோட்டில் பார்த்ததை மனசுக்குள் கணக்குப் போட்டு மாற்றித் திருப்ப வேண்டும். போன போட்டியில் அந்தக் கணக்கில் கோட்டை விட்டுத்தான் சின்னவன் தோற்றான். அதனால் கோடும் டயலும் ஒரே அளவில் இருக்கிற ஸ்கோப்பாகப் பார்த்து மாட்டினாள். அதே கம்பெனி. அதே கறுப்பு. வெளியிலிருந்து பார்த்தால் பழையதும் புதியதும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

"சனிக்கிழமை காலையிலதான் சார் மாட்டினோம். எனக்கும் அவனுக்கும் மாஸ்டருக்கும் தவிர யாருக்கும் தெரியாது."

"சரி. அதனால?"

"தூரம் கூடக் கூட குண்டு கீழ இறங்கும். அதுக்கு ஈடா டயல ஒவ்வொரு க்ளிக்கா மேல ஏத்தணும். பழசுல ஒரு க்ளிக்குக்கு, அறுநூறுல, குண்டு நாலரை சென்டிமீட்டர் கூட ஏறாது. புதுசுல ஆறு ஏறும். அதனால பழசுல ஐம்பத்தஞ்சு க்ளிக் வெக்கணும். புதுசுல நாப்பது போதும்."

"இதுல எவ்வளவு இருக்கு?"

"ஐம்பத்தஞ்சு."

இன்ஸ்பெக்டர் மிட்டாயைச் சப்புவதை நிறுத்தினார்.

"சுட்டவனுக்கு ஸ்கோப் மாறினதே தெரியாது சார். பழைய பழக்கத்துல எண்ணியிருக்கான். பதினஞ்சு க்ளிக் ஜாஸ்தி, குண்டு மூணடி மேல போயிருக்கு. என் தம்பி இந்தத் தப்பப் பண்ணவே மாட்டான். நாலு நாள் இதுக்குத்தான் என்கிட்ட மல்லுக்கு நின்னான்."

"மூணடி மேல..." இன்ஸ்பெக்டர் தன் நெற்றியில் விரலை வைத்தார். மெல்லக் கீழே இறக்கினார். "மாஸ்டர் நின்னுக்கிட்டு இருந்தாரு. அவரு நெத்திக்கு மூணடி கீழ..."

"நாற்காலி."

"நாற்காலியில நீங்க."

விரல் நின்ற உயரம் அவளுடைய நெஞ்சுக்கு நேராக இருந்தது.

அவள் தேர்ந்தெடுத்த ஸ்கோப் அவளைக் காப்பாற்றியிருக்கிறது. மாஸ்டரைக் கொன்றிருக்கிறது. சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணில் நீர் மட்டும் வந்தது.

உங்களைக் கொல்கிற அளவுக்கு யாருக்கு ஆத்திரம் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அவள் யோசித்தாள். பழுதான பைனாகுலரை மாற்றித் தரவில்லை என்று போன மாதம் ஒருவர் கத்தினார். அதற்கெல்லாமா சுடுவார்கள்?

"பழைய ஸ்கோப் எங்க இருக்கு?"

"வீட்ல. உள் ரூம் பீரோவுல."

"எனக்கு அது வேணும். இந்தக் கணக்கு நிஜம்னு ஆச்சுன்னா, உங்க தம்பிய விட்டுடலாம். ஜீப் அவனத்தான் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கு. உங்க வண்டியிலயே வர்றேன்."

* * *

வீட்டில் யாரும் இல்லை. இன்ஸ்பெக்டர் ஷூவைக் கழற்றச் சோம்பல்பட்டு, போட்டபடியே உள் அறைக்குப் போனார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பீரோ சாவியைக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் நாற்காலியில் விழுந்தாள்.

வாசலில் ஸ்கூட்டர் சத்தம். கணவன் வந்தான்.

அவள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். அவள் குடிக்கும்வரை பக்கத்தில் நின்றான். கிளப்பில் அவனுக்குக் காதுக்காரர் என்று பெயர். எப்போதாவது மச்சான் ரைஃபிளை வாங்கிச் சுடுவான். டயலில் இருக்கும் எண்ணைப் பார்க்க மாட்டான். கண்ணை மூடிக்கொண்டு பூஜ்யத்திலிருந்து க்ளிக் க்ளிக் என்று காதால் எண்ணித் திருப்புவான். சுட்டால் பிசகாது. அதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை.

"இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்தாராமே. என்ன சொன்னாரு?"

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"டயல் எங்க இருந்துச்சுன்னு பாத்தோங்க."

"எங்க இருந்துச்சு?"

"ஐம்பத்தஞ்சு க்ளிக்ல."

அவன் வலது கை விரல்கள் காற்றில் எதையோ லேசாகத் திருப்பின. நெற்றி சுருங்கியது. ரெண்டு நாளாக அவனைக் குடைந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று வாய்வரை வந்துவிட்டது.

"ஐம்பத்தஞ்சுதானே? அறுநூறுக்கு அது கரெக்ட்தானே... அப்புறம் எப்படித் தப்பும்?"

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"எது தப்புச்சு?"

அவன் கையைச் சட்டென்று கீழே இறக்கினான்.

"மாஸ்டருக்கு நடு நெத்தியில பட்டுச்சு. ஊரே என்னா குறிடான்னு பேசுது. தப்புச்சுன்னு... உங்களுக்கு யாரு சொன்னா?"

அவன் வாசலைப் பார்த்தான். போய்க் கதவைத் தாழிட்டான். பதற்றமே இல்லாமல், தினமும் ராத்திரி தாழிடுவது மாதிரி. திரும்பி வந்தபோது அது அவள் பன்னிரண்டு வருஷமாகப் பார்த்த முகமாக இல்லை.

"வேலைன்னு நான் போற ஊர்ல ஒருத்தி இருக்கா," என்றான். "ஒரு புள்ளையும் இருக்கு. உன்கிட்ட எப்படிச் சொல்றது? ஞாயித்துக்கிழமை யாருக்கும் தெரியாம கிளப்புக்கு வந்துட்டுப் போனேன். நீ போயிட்டா... சின்னவன் ரைஃபிளு, சின்னவன் ஜெயிலு. கடை என் கைக்கு வந்துடும். அந்தக் கிழவன் பின்னால நின்னதுதான்..."

"அவரு நின்னதால இல்லைங்க."

"பின்ன?"

"நீங்க ஊர்ல இல்லாதப்ப ஸ்கோப்ப மாத்திட்டேன். இது வேற அளவு. நாப்பதே போதும்."

அவன் அப்படியே நின்றான். பிறகு நெடுமூச்சு ஒன்று விட்டான். முகம் தெளிந்தது. மாட்டிக்கொண்ட பயத்தை விட, குறி தன்னால் தப்பவில்லை என்ற நிம்மதி பெரிதாகத் தெரிந்தது அந்த முகத்தில்.

"அதானே பாத்தேன்," என்றான். "என் கை தப்பாதே."

அவள் அழவில்லை. இவனுக்காக அழ ஒரு சொட்டு மிச்சமில்லை. அவன் அவள் கழுத்தை நோக்கி இரண்டு கையையும் நீட்டினான்.

"கை தப்பாது சார். வாய்தான்," என்றது ஒரு குரல்.

உள் அறை வாசலில் இன்ஸ்பெக்டர். ஒரு கையில் பழைய ஸ்கோப். மற்றதில் ரிவால்வர். கன்னத்தில் மிட்டாய்.

கணவனின் கைகள் நீட்டியபடியே நின்றுவிட்டன. விலங்கு மாட்டுவதற்கு அது வசதியாகப் போயிற்று. இன்ஸ்பெக்டர் ஸ்கோப்பை அவளிடம் கொடுத்துவிட்டு, இடுப்பிலிருந்து விலங்கை உருவினார். உங்க தம்பி ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடுவான்மா, சமைச்சு வையுங்க என்று அவளிடம் சொன்னார். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

இன்ஸ்பெக்டர் கணவன் பக்கம் திரும்பினார்.

"கண்ண மூடிக்கிட்டு எண்ணுங்க சார். மொத்தமே ரெண்டு க்ளிக்தான்... இது எந்தக் கம்பெனியா இருந்தாலும் அளவு மாறாது!"