மழையில்லாமல் கரைந்த கரை

மழை பெய்து பதினோரு நாளாகியும், ஓடைக்கரையில் அடித்திருந்த இரும்பு முளை நேற்றைவிட ஒரு சாண் கூடுதலாக வெளியே நின்றது.

சக்கரவர்த்தி குனிந்து மறுபடி அளந்தார். மலையடிவாரத்து மண் அரிப்பைக் கணக்கெடுக்க, எழுபத்தெட்டாம் வருஷம் திருவண்ணாமலைக்கு மாற்றலாகி வந்தவர் அவர். மழை மேல்மண்ணைக் கரைக்கும், காற்று புழுதியை வாரிப்போகும், வேர் பாறையையும் பிளக்கும், எல்லாம் தெரிந்தவர்தான். ஆனால் ஒரு பெருமழைக்கே விரற்கடை அளவுதான் குறையும். காயும் வெயிலில் ஒரு சாணா?

முருகையன் வேலையாகத்தான் இருக்கும். முளைகளைக் காவல் காக்க அவர் அமர்த்திய ஆள், பக்கத்து அடி அண்ணாமலை கிராமத்துக்காரன். மண்ணை வெட்டிச் செங்கல் சூளைக்கு ஓட்டுகிறான் போல. ஒரு வாரமாகப் பேச்சும் குறைந்துவிட்டது. பக்கத்தில் வந்தால் பாழுங்கிணற்றின் ஈரவாடை.

"மண்ணை எவன்யா எடுக்கறான்?"

"யாரும் எடுக்கலீங்க சார். அதுவா எறங்குது." முருகையன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"மழையில்லாம எப்படிய்யா எறங்கும்?"

"உள்ளேருந்து எறங்குது சார்."

பொய். மண்வெட்டித் தடம் கிடைத்தால் ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். முருகையனைக் கரைமேல் நிற்கவைத்துவிட்டு அவர் இரண்டாள் ஆழ ஓடைக்குள் இறங்கினார். சாயங்கால வெயில் மேலேயே நின்றுவிட, கீழே குளிர்ந்த மண்வாசனையும், முறத்திலிருந்து அரிசி சரிவதுபோல எங்கோ மணல் உதிரும் ஓசையும், கரைச்சுவரில் செம்மண்ணும் கூழாங்கல்லும் களிமண்ணுமாக எத்தனையோ வெள்ளங்கள் படியவைத்த அடுக்குகளும் அவரைச் சூழ்ந்தன. ஓர் அடுக்குகூடக் கலையவில்லை. மண்வெட்டி பட்ட தடமே இல்லை.

ஓசை அருகில் வந்தது.

மார்பளவு உயரத்தில் கரை பொத்தென்று சரிந்தது. உள்ளே விரல்கள். பிறகு ஒரு தோள். அதில் புகுந்த கட்டைவிரல் தடிமன் வேர் கழுத்தோரம் வெளிவந்திருந்தது. பல வருஷத்து வேர். அதற்கு மேலே முகம். வாய் நிறையக் களிமண்.

முருகையன்.

அந்தத் தலைக்கு மேல் வெள்ளங்கள் படியவைத்த அடுக்குகள் அப்படியே இருந்தன. கலையாமல்.

சக்கரவர்த்தி பின்னால் நகர்ந்து எதிர்க்கரையில் முதுகு முட்ட நின்றார்.

"சார்," என்றது மேலிருந்து அதே குரல். "இருட்டப் போவுது. மேல வாங்க."

நிமிர்ந்தார். கரை விளிம்பில் குனிந்து, முருகையன் அவருக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தான். விரல் நுனிகளிலிருந்து மண் உதிர்ந்தது. உதிர உதிர விரல்கள் குட்டையாகிக்கொண்டே வந்தன.